ரெகுலேட் வேறு, அட்ஜஸ்ட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் வாராவாரம் ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பெட்டி கட்டிப் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் தங்கி எட்டாம் வகுப்பு படிக்கும் பேத்தி அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறாள். சென்ற வாரம் 'அட்ஜஸ்ட்' வந்திருந்தது. பசை தடவுவதற்கு முன்னால் என்னிடம் நீட்டினாள். இப்போது எனக்குக் கண் மங்கல்தான். ஆனாலும் 41 வருடம் கண்ணில் ஐ கிளாஸ் என்ற வாட்ச் ரிப்பேர் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பொடி எழுத்தைப் பார்த்தே பிழைத்தவன் என்பதால், அந்தப் பெட்டியில் மூன்று இடங்கள் உறுத்தின.

பொருள் 'சரிசெய்' என்று ஒரே சொல்லில் முடிந்திருந்தது. நீதி, நியாயம் என்று பொருள்படும் 'ஜஸ்ட்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று அடுத்த வரி. கடைசியாக ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்: "புதுமணப்பெண் கணவன் வீட்டாரோடு அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டும்." இந்தக் கடிதம் அந்த வாக்கியத்துக்காகத்தான். மற்ற இரண்டும் வழியில் வரும்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில், மணிக்கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, என் அப்பா வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு. நான் 1974-இல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன், 2015-இல் எழுந்தேன். மார்க்கெட்டில் எல்லோரும் போகிற போக்கில் சொல்லும் அட்ஜஸ்ட் என்ற சொல்லை எங்கள் பெட்டிக்கு இந்தப் பக்கம் அப்படிச் சொல்லிவிட முடியாது.

வருகிறவர் சொல்வார்: "அண்ணே, தினம் அஞ்சு நிமிஷம் முந்துது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க." அப்பா தலை நிமிராமல், "அட்ஜஸ்ட் வேணாம், ரெகுலேட் போதும்" என்பார். பின்மூடியைத் திறந்தால், இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலுக்கு மேலே சின்னதாக ஒரு நெம்பு தெரியும். அதை மயிரிழை நகர்த்தினால், அந்தச் சக்கரத்தோடு சேர்ந்த மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங்கில் ஆடுகிற பகுதியின் நீளம் மாறும். நீளம் குறைந்தால் வாட்ச் முந்தும், கூடினால் பிந்தும். இங்கிலீஷ் வாட்ச் என்றால் நெம்பின் இரண்டு பக்கமும் எஃப், எஸ் என்று பொறித்திருக்கும். பிரெஞ்சு எழுத்து போட்ட சுவிஸ் வாட்ச்சில் ஏ, ஆர். அவான்ஸ், ரெத்தார், முந்து, பிந்து. இதற்குப் பெயர் ரெகுலேட். இரண்டு நிமிட வேலை.

அட்ஜஸ்ட் என்பது வேறு சங்கதி. ஒரு வாட்ச் மேசையில் டயல் மேலே பார்த்துக் கிடக்கும்போது ஒரு வேகத்தில் ஓடும், கவிழ்த்து வைத்தால் இன்னொரு வேகம், சாவி கீழே பார்க்க நிறுத்தினால் மூன்றாவது வேகம். சித்திரை வெயிலில் ஒன்று, மார்கழியில் ஒன்று. காலையில் முழுச் சாவி கொடுத்தபோது ஒன்று, மறுநாள் விடியற்காலையில் சாவி தீரும்போது ஒன்று. எந்த நிலையில் வைத்தாலும் நேரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி செய்வதுதான் அட்ஜஸ்ட். நெம்பைத் தள்ளி அதைச் சாதிக்க முடியாது. பேலன்ஸ் வீலில் எந்தப் பக்கம் கனம் என்று கண்டுபிடித்து அங்கே தூசி அளவு சுரண்ட வேண்டும், ஹேர் ஸ்பிரிங்கை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் ராத்திரி முழுக்க ஒரு நிலையில் ஓடவிட்டு, காலையில் ரேடியோ 'பீப்'போடு ஒப்பிட்டு எழுதி, அடுத்த ராத்திரி வேறு நிலையில் வைக்க வேண்டும். எங்கள் கடைக்கு வந்ததில் பாதி எச்.எம்.டி. ஜனதா. மணிக்கு 18,000 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் சின்னத் தப்பு இருந்தால் நாள் முடிவில் எவ்வளவு சேரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1891-இல் ஒஹையோ மாநிலத்தின் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. காரணங்களில் ஒன்று, டிரைவரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் என்பார்கள். அதன் பிறகு ரயில்வே ஊழியர் வாட்ச்சுக்குக் கடுமையான விதிகள் வந்தன. ஐந்து நிலைகளில் அட்ஜஸ்ட் செய்திருக்க வேண்டும், வாரத்துக்கு 30 வினாடிக்கு மேல் தப்பக்கூடாது. அந்தக் கால ஹாமில்டன் பாக்கெட் வாட்ச்சைத் திறந்தால் 'அட்ஜஸ்டெட்' என்ற சொல்லே பட்டம் மாதிரிப் பொறித்திருக்கும். இன்றைக்கும் சுவிட்சர்லாந்தில் ஒரு வாட்ச் துல்லியமானது என்பதற்கான குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்க 15 நாள், ஐந்து நிலை, 8, 23, 38 டிகிரி என மூன்று வெப்பம் தாண்ட வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, நல்ல சுவிஸ் வாட்ச்சிலேயே 'அன்அட்ஜஸ்டெட்' என்று பொறித்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அது மட்டமான சரக்கு என்று நினைத்தேன். உண்மையில் அது வரிக்குப் பயந்து செய்தது. செய்திருக்கும் ஒவ்வொரு அட்ஜஸ்ட்மெண்டுக்கும் அமெரிக்கச் சுங்கத்தில் தனி வரி போட்டார்கள். அதனால் 'இது அட்ஜஸ்ட் ஆகாதது' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வாட்ச்சுகள் அந்த நாட்டுக்குள் போயின.

சரி, பிறப்புக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா பெரியவர் மாதம் ஒருமுறை கடைக்கு வந்து உட்காருவார். ரிப்பேர் ஒன்றும் இருக்காது, பேச்சுக்கு வருவார். எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு சொல் அவர் போட்ட பிச்சை. கூட்டு, சேர் என்பதற்கு அவர் சொன்ன வினை 'அழூத்தே'. பொருத்து, சரிப்படுத்து என்பதற்கு 'அழுஸ்தே'. (பிரெஞ்சு ஜகரத்தை எங்கள் ஊரில் ழகரம் போட்டுத்தான் எழுதுவோம். எழுதிப் பார்த்தால் இரண்டிலும் அழுகை வந்துவிடுகிறது, என்ன செய்ய!) இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று அவர் அடித்துச் சொன்னார். நான் நம்பவில்லை. கடையை மூடிய பிறகு பொழுது நிறைய இருந்ததால் ரோமன் ரோலன் நூலகத்தில் சொற்பிறப்பு அகராதி எடுத்துப் பார்த்தேன். சொல்தா சொன்னது சரி.

லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் பக்கத்தில். 'அட்' என்றால் நோக்கி. பிற்கால லத்தீனில் இரண்டும் சேர்ந்து, பக்கத்தில் கொண்டுவா என்ற வினையானது. பழைய பிரெஞ்சில் அது சேர், இணை என்று வழங்கியது. பின்னால் வந்த படிப்பாளிகள் அந்தச் சொல்லுக்குள் 'ஜஸ்ட்' தெரிவதைப் பார்த்துவிட்டு, நியாயம் என்ற பொருள்கொண்ட 'யுஸ்துஸ்'தான் வேர் என்று முடிச்சுப் போட்டார்கள். பொருளும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. ஆங்கிலத்துக்குள் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒருமுறை வந்தது, 1600 வாக்கில் பிரெஞ்சிலிருந்து மறுபடி வந்தது. ஆகவே உங்கள் பெட்டியில் இருப்பதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். நியாயம் இந்தச் செடியில் ஒட்டுக் கட்டிய கிளை. வேர் 'பக்கத்தில்'.

அந்த வேரின் சொந்தபந்தங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். யுக்ஸ்தாவுக்கும் பின்னால் போனால் பூட்டு, பிணை என்ற பொருள் உள்ள ஒரு பழைய வேர் இருக்கிறது. ஆங்கிலத்தில் நுகத்தடிக்குச் சொல்லும் 'யோக்', சமஸ்கிருதத்தின் யோகம், யுகம் எல்லாம் அதே குடும்பம். குதிரையேறி ஈட்டியை நீட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் கவிழ்க்கப் பாய்வார்களே, அந்தச் சண்டைக்கு ஆங்கிலத்தில் 'ஜவுஸ்ட்' என்று பெயர். அதுவும் யுக்ஸ்தாவில் பிறந்ததுதான். பக்கத்தில் வந்தால் சேரவும் செய்யலாம், ஈட்டியால் குத்தவும் செய்யலாம் போலிருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு விழுப்புரம் பாசஞ்சர் ஞாபகம் வந்தது. மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்காவதாக ஒருவர் வந்து நின்று, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்பார். மூவரும் முனகிக்கொண்டே நெருங்குவார்கள். கேட்டவர் விளிம்பில் அரை இருப்பாக உட்காருவார். அங்கே யாரும் எதையும் சரிசெய்யவில்லை, நியாயத்தைப் பற்றியும் பேச்சில்லை. தொடையோடு தொடை ஒட்டுகிறது, அவ்வளவுதான். இங்கிலீஷ் வாத்தியார் இந்த வாக்கியத்துக்குச் சிவப்பு மையில் கோடு போடுவார், எதை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும் என்று செயப்படுபொருளே இல்லையே என்பார். நான் முழு மார்க் போடுவேன். லத்தீன்காரன் அந்த ரயில் பெட்டியில் ஏறியிருந்தால் அவனுக்குத்தான் அந்தச் சொல் சரியாகப் புரிந்திருக்கும். இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. பெங்களூரில் 'சொல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பது ஊர்ப் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் இந்த வினை பெரும்பாலும் ஒரு பொருளைக் கேட்கும். கண்ணாடியை, பெல்ட்டை, மைக்கை. மனிதர் தன்னையே மாற்றிப் பழகிக்கொள்வதற்கும் வரும், ஆனால் அப்போது 'டு' சேர வேண்டும். இருட்டுக்கு, புது ஊருக்கு, வெயிலுக்கு. நாமோ 'வித்' போட்டு ஆளோடு சேர்க்கிறோம். இதெல்லாம் பேத்தியின் டீச்சர் சொல்லிக்கொடுக்கட்டும்.

எனக்குப் பிடித்த அட்ஜஸ்ட் கப்பலில் இருக்கிறது. சரக்குக் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்த ஒரு வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். நடுக்கடலில் புயல். கப்பல் மூழ்காமல் இருக்க கேப்டன் சில மூட்டைகளைக் கடலில் தூக்கிப் போடச் சொல்கிறார். போனது ஒரு வியாபாரியின் மூட்டை. பிழைத்தது கப்பலும் மற்ற எல்லோருடைய சரக்கும். அந்த ஒருவர் மட்டும் ஏன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டும்? மிகப் பழங்காலக் கடல் வழக்கம் ஒன்று, கப்பல்காரர் உட்பட எல்லோரும் பிழைத்த அவரவர் சொத்தின் மதிப்புக்குத் தகுந்தபடி அந்த நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது. இதற்கு ஜெனரல் ஆவரேஜ் என்று பெயர். யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர் 'ஆவரேஜ் அட்ஜஸ்டர்'. லண்டனில் 1869 முதல் அவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. இன்றைக்கும் கன்டெய்னர் கப்பலுக்கு ஆபத்து என்றால் இந்தக் கணக்குத்தான்.

இந்த அட்ஜஸ்டரை நம் ஊருக்குக் கூட்டிவந்தால் பாவம், அவருக்கு ஒன்றும் புரியாது. "சில்லறை இல்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிற கண்டக்டர் தன் பையிலிருந்து எதையும் குறைத்துக்கொள்வதில்லை. "தண்ணி ஒரு மணி நேரம்தான் வரும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிற வீட்டுக்காரர் வாடகையில் ஒரு ரூபாயும் குறைப்பதில்லை. (காலி செய்யும்போது அட்வான்ஸை வாடகையில் அட்ஜஸ்ட் செய்வது வேறு, அது நேர்மையான கணக்கு.) சினிமாத் துறையில் இந்தச் சொல் எவ்வளவு தூரம் இறங்கிப் போயிருக்கிறது என்பது கேரளத்தின் ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே பெண்களுக்கு நன்றாகப் பழக்கமான இரண்டு சொற்கள் என்று அட்ஜஸ்ட்மெண்டையும் காம்ப்ரமைஸையும் அந்த அறிக்கை சொல்கிறது. என்ன பொருளில் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

'பண்ணு' என்பதோடு நாம் சேர்க்கும் அந்தக் 'கொள்'ளைக் கவனியுங்கள். "அட்ஜஸ்ட் பண்ணு" என்றால் ஏதோ ஒரு பொருள் நகர வேண்டும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றால் கேட்கிறவர் மட்டும் நகர வேண்டும், சொல்கிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார். ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கிவிட்டு, அதன் கழுத்தில் நம்முடைய துணைவினையைக் கட்டித் திசையை மாற்றிவிட்டோம்.

நானும் அதைச் சொன்னவன்தான்.

என் மகளுக்கு 2009-இல் கல்யாணம். கடலூர்ப் பக்கம் கூட்டுக் குடும்பம், ஒன்பது பேர். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலை 7.20 பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்குள் ஒன்பது பேருக்கும் டிபன், மாமனாருக்குத் தனியாகக் கஞ்சி. நாலு மணிக்கு எழுந்தும் முடியவில்லை, பஸ்ஸை இரண்டு முறை விட்டாயிற்று, வேலையை விட்டுவிடு என்று வீட்டில் பேச்சு. மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம் கடைக்குப் போன் செய்தாள். அழவில்லை. நான் அப்போது ஒரு லேடீஸ் வாட்ச்சைப் பிரித்து வைத்திருந்தேன், கண்ணில் ஐ கிளாஸ், கையில் டுவீசர். அப்படியே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "போகப் போகச் சரியாயிடும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னாள்: "ஒரு வாட்ச்சையாவது ராத்திரி பூரா வெச்சுப் பாக்காம அட்ஜஸ்ட் பண்ணேன்னு சொல்லித் திருப்பிக் குடுத்திருக்கீங்களாப்பா? எனக்கு மட்டும் ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டீங்க."

ஐ கிளாஸைக் கழற்றி வைத்தேன். அன்றைக்கு அந்த லேடீஸ் வாட்ச் முடியவில்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். பெரிய பஞ்சாயத்து ஒன்றும் நடக்கவில்லை. சம்பந்தியம்மா, "நானும் இப்படித்தான் வந்தேன், என்னை யாரு கேட்டா?" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. திரும்பும்போது மாப்பிள்ளை என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்தார், வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது, காலை இட்லி அவர் பொறுப்பு ஆகியிருந்தது. ஆரம்பத்தில் இட்லி கல்லு மாதிரி இருந்ததாம். மாமனார் கஞ்சியை அரை மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சம்மதித்தார். சம்பந்தியம்மா முதல் நாள் இரவே காய் நறுக்கி வைத்தார்கள். என் மகளும் சும்மா இல்லை, சனிக்கிழமை முழுச் சமையலும் அவள் என்று ஆனது. எல்லாம் படிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இதைத்தான் எங்கள் தொழிலில் அட்ஜஸ்ட் என்போம். நான் போனில் சொன்னது நெம்பைத் தள்ளுகிற வேலை, அதுவும் தப்பான பக்கத்துக்கு.

உங்கள் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு வேறொரு வினை இருக்கிறது. இந்த ஆங்கிலச் சொல் எங்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் என் அம்மா சொல்வார்: "அனுசரிச்சுப் போ." அது வடமொழி. 'அனு' என்றால் பின்னால், 'சர' என்றால் செல்லுதல். பின்னாலேயே போ. புதுமணப்பெண்ணிடம் நீங்கள் எதிர்பார்ப்பது அதுதான் என்றால் அதையே போடுங்கள். பின்னால் போ என்பதற்கு, பக்கத்தில் வா என்று பொருள்பட்ட சொல்லை ஏன் இழுக்க வேண்டும்?

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அடுத்த இணைப்பில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். வேர் 'பக்கத்தில்' என்று ஒரு வரி. எடுத்துக்காட்டாக ரயில் பலகை வாக்கியத்தையோ, வாட்ச்சைப் பற்றி ஒன்றையோ போடலாம். பேத்தி அந்த வாரத்துக்கான பக்கத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் 'தாத்தா லெட்டர்' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

கடிதம் நீளம் என்று தெரியும். வெட்டுவதென்றால் ஒஹையோ ரயிலை வெட்டுங்கள், சுங்க வரியை வெட்டுங்கள். என் மகள் சொன்ன இரண்டு வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். இடமே இல்லை, வாசகர் கடிதத்துக்கு இவ்வளவுதான் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், நான் வேறு பத்திரிகைக்கு அனுப்பிக்கொள்கிறேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாட்ச் மெக்கானிக்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி